டி.சி. இல்லை, முகவரி இல்லை: நடைபாதையில் வாழும் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: சென்னை பிராட்வே பக்கம் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். எதிர் நடைபாதையில் வசிக்கும் குடும்பத்தின் எட்டு வயதுப் பெண் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். டி.சி., ஆதார், முகவரிச் சான்று எதுவும் இல்லை. "ஜூன்ல வாங்க" என்று பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஜூன் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுக் குழந்தையைச் சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது. டி.சி. இல்லை என்பதும் (பிரிவு 5), வயதுச் சான்று இல்லை என்பதும் (பிரிவு 14) மறுக்கக் காரணமாகாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கேட்கலாம்.

அம்மாவை அழைத்துக்கொண்டு பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போங்கள். குழந்தையின் வயது, முன்பு படித்த பள்ளி, இப்போது தங்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக் கொடுங்கள். முகவரி என்ற இடத்தில் 'இன்ன கடைக்கு எதிர் நடைபாதை' என்றே எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போதும் மறுத்தால், "மறுப்பதை எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும். மாறாவிட்டால் மாநகராட்சிக் கல்வித் துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வழிகாட்டுதலுக்கு 14417 உதவி எண் இருக்கிறது.

ஒரு சிக்கல் வரும். பழைய பள்ளியின் எமிஸ் பதிவில் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் கணினித் தளம்) அவள் பெயர் இன்னும் இருக்கலாம். அங்கே விடுவித்தால்தான் புதுப் பள்ளி கணினியில் ஏற்ற முடியும். அது இரண்டு தலைமையாசிரியர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. அதுவரை குழந்தை வெளியே நிற்கக் கூடாது.

சரி, சேர்த்தாயிற்று. உண்மையான வேலை அப்புறம்தான். ராத்திரி மழை பெய்தால் நோட்டு ஊறிவிடும். ஒரே சீருடை காயாமல் கிடக்கும். காலையில் கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்று குளித்துக் கிளம்புவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு நாள் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினால் மூன்றாம் நாள் போகமாட்டாள். இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். கடையில் ஒரு தட்டை அவளுக்கு ஒதுக்குங்கள்: பை, சீருடை, காலணி எல்லாம் அங்கே இருக்கட்டும். சாயங்காலம் கடை வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதட்டும். வகுப்பாசிரியரிடம் நிலைமையைத் தனியாகச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவும் உண்டு. சீக்கிரம் கிளம்ப அதைவிட நல்ல காரணம் கிடையாது.

பெற்றோரைக் கேட்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்காதீர்கள். குழந்தை ஆபத்தில் இருந்தால் யோசிக்காமல் அழைக்க வேண்டியதுதான். ஆனால் வீடில்லை என்பது மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் காரணம் அல்ல. குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான் சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது. பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வந்தால் குடும்பமே இடம் மாறிவிடும்.

எமிஸ் எண்ணையும் சேர்க்கைச் சீட்டையும் உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கே அவர்களைப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பினாலும், அங்குள்ள பள்ளியில் காட்ட அந்தப் படம் போதும்.