தண்ணி எத்தனை மணிக்கு? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். தாம்பரத்தில் இருக்கிறோம். கணவருக்குக் கீரணத்தத்தில் ஐடி வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் கோவைக்குக் குடிவர வேண்டும். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. வாரம் இரண்டு நாள் மட்டும் பீளமேட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். மகள் ஆறாவது, மகன் ஒன்றாவது. மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். சரவணம்பட்டி, வடவள்ளி, கோவைப்புதூர் மூன்றில் குடும்பத்தோடு இருக்க எது நல்லது? கேட்டட் கம்யூனிட்டிதான் பாதுகாப்பு என்கிறாள் தோழி. நல்ல ஆட்கள் இருக்கிற ஏரியாவாகப் பார்க்கச் சொல்கிறார் மாமியார். பள்ளி, வாடகை, தூரம் மூன்றையும் வைத்து அட்டவணையே போட்டிருக்கிறேன். கணவருக்கு நேரமில்லை, வீடு பார்க்க நான்தான் வர வேண்டும். தண்ணீரைப் பற்றி மட்டும் கவலையில்லை. சிறுவாணி ஊராச்சே!

(பெயர் வேண்டாம்)
தாம்பரம்

அன்புள்ள அம்மிணி,

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். சித்திரை பிறந்துவிட்டால் இங்கே ஏதாவது ஒரு வார்டில் காலிக்குடத்தோடு மறியல் நடக்கிறது. நீங்கள் பள்ளி, வாடகை, தூரம் என்று அட்டவணை போட்டுவிட்டு, தண்ணீரை ஓர் ஆச்சரியக்குறியோடு தாண்டிப் போகிறீர்கள்.

உங்கள் மூன்று பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். கீரணத்தம் வடகிழக்கில் சத்தி ரோட்டுப் பக்கம். வடவள்ளி மேற்கே மருதமலை ரோட்டில். கோவைப்புதூர் தென்மேற்கில். பின்னிரண்டில் எதில் இருந்தாலும் உங்கள் கணவர் தினமும் இரண்டு வேளை ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். இரண்டும் நல்ல காற்றுள்ள இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கணவர் ராத்திரி எட்டரைக்கு வீடு சேர்ந்தால் அந்தக் காற்று யாருக்கு? அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபிறகு உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்துக் கிலோமீட்டர் வேகமாகப் போகலாம். சத்தி ரோட்டு நெரிசலுக்கு அது மருந்தில்லை. சரவணம்பட்டி, சின்னவேடம்பட்டி, விளாங்குறிச்சி, வெள்ளக்கிணறு, துடியலூர் என்று வடக்குப் பக்கமே பாருங்கள். பீளமேட்டுக்கும் தோதுப்படும்.

கேட்டட் கம்யூனிட்டி பற்றிய தோழியின் யோசனையை அவரிடமே விட்டுவிடுங்கள். வாசலில் காவலாளி இருப்பதும் குழாயில் தண்ணீர் இருப்பதும் வேறு வேறு.

மாமியார் சொன்ன "நல்ல ஆட்கள்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாடகைக்கு வீடு தருகிறவர் உங்களிடம் சுற்றிவளைத்துக் கேட்கப்போகும் கேள்வியும் அதேதான். அந்தக் கேள்வியை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

இனி தண்ணீர். சிறுவாணி அணை கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1973இல் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தப்படி நமக்கு வருடத்துக்கு 1.3 டிஎம்சி. அணையின் முழு உயரம் ஏறக்குறைய 50 அடி. பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கேரளத்தார் சில வருடங்களாக அதற்கு ஐந்தடி கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஐந்தடிதான் நமக்குக் கோடைகாலத் தண்ணீர். இப்போதிருக்கும் ஊர் சிறுவாணியை மட்டும் நம்பிப் பிழைக்கும் ஊரும் அல்ல. 2011இல் மாநகராட்சி விரிந்தபோது சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி, குறிச்சி, குனியமுத்தூர் எல்லாம் உள்ளே வந்தன. மேற்கிலும் பழைய நகரத்திலும் பெரும்பாலும் சிறுவாணி. கிழக்கிலும் வடக்கிலும் பில்லூர், அதாவது பவானி ஆற்றுத் தண்ணீர். தெற்கில் குறிச்சி, குனியமுத்தூர்ப் பக்கம் ஆழியாறு. பில்லூர் மூன்றாவது திட்டம் 2024இல் வந்தது. ஆற்றில் தண்ணீர் எடுப்பது கூடினாலும், உங்கள் தெருக் குழாய் பழசாக இருந்தால் முறை, அதாவது எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணீர் விடுகிறார்கள் என்கிற இடைவெளி, ஒன்றும் குறையாது. ஆகவே ஏரியாவின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், தெருவைக் கேளுங்கள். கீரணத்தம் ஊராட்சி, சரவணம்பட்டி மாநகராட்சி. எல்லையை ஒட்டி வீடு பார்த்தால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் வேறு முறை. தரகர் இரண்டையும் "சரவணம்பட்டிங்க" என்றுதான் சொல்வார். சொத்துவரி ரசீதையும் குடிநீர்க் கட்டண ரசீதையும் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

தெருவில் யாரைக் கேட்பது? வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். இஸ்திரி போடுகிறவரையும் மளிகைக் கடைக்காரரையும் எதிர்வீட்டு அம்மாவையும் கேளுங்கள். "தண்ணி வருதுங்களா?" என்று கேட்டால் "வருதுங்க" என்று முடித்துவிடுவார்கள். எத்தனை நாளைக்கு ஒருக்கா, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே போன சித்திரையில் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். ஐப்பசி மழையில் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வரும்.

இந்த மூன்றில் மணிதான் முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை வந்தாலும் பெரிய தொட்டி இருந்தால் சமாளிக்கலாம். எட்டு நாளைக்கு ஒருமுறை ராத்திரி ஒரு மணிக்கு வந்தால், அல்லது என்றைக்கு எத்தனை மணிக்கு என்றே தெரியாமல் வந்தால், அந்த வீட்டில் ஒருவர் எப்போதும் கட்டிப்போட்ட மாதிரி இருக்க வேண்டும். அது யார் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீடு பார்க்க நீங்கள், பள்ளி விசாரிக்க நீங்கள், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நீங்கள், தண்ணீருக்கு விழிக்கவும் நீங்கள்தானா? பீளமேட்டுக்குப் போகிற நாளில் முறை வந்தால் முழங்கால் வலிக்காரர் வாளி தூக்குவாரா? குடும்பத்துக்கு ஏற்ற ஏரியா என்றால் பூங்காவும் சறுக்குமரமும் மட்டும்தானா? தண்ணீர் வந்ததும் தொட்டி தானாக நிரம்பிக்கொள்கிற வீடா, ஆள் நின்று குடத்தில் பிடிக்கிற வீடா என்பதுதான் உங்கள் வாரத்தைத் தீர்மானிக்கும்.

ஆகவே தொட்டியைப் பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். 6 அடிக்கு 5 அடி, ஆழம் 5 அடி என்றால் சுமார் 4,200 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரத்துக்கான அரசுக் கணக்கு. ஐந்து பேருக்கு 675 ஆகிறது. பத்து நாள் இடைவெளிக்கு 6,750. ஆற்றுத் தண்ணீர் மட்டும் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அதனால்தான் இங்கே பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீரும் உண்டு. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு உப்புத் தண்ணி. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தொட்டியில் இரண்டையும் கலந்து விட்டிருந்தால் அந்த வீட்டில் நல்ல தண்ணி என்று ஒன்று கிடையாது. கேன்தான் வாங்க வேண்டும். அடுக்குமாடிகளில் இது அதிகம். மேலும் இரண்டு குடித்தனத்துக்கு ஒரே தொட்டி என்றால் கொள்ளளவை இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டி பெரிதாக இருந்து குழாயில் வேகமில்லை என்றால் பயனில்லை. முறை நாளில் ஒரு 15 லிட்டர் வாளியைத் தெருக் குழாயிலிருந்து வரும் இணைப்பில் வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 900 லிட்டர், இரண்டு மணி நேரத்தில் 1,800. மூன்று நிமிடம் ஆனால் அதே இரண்டு மணி நேரத்தில் 600தான். தெருக்கோடி வீடுகளிலும் மேட்டில் உள்ள வீடுகளிலும் இந்த மூன்று நிமிடக் கதைதான். "கவலைப்படாதீங்க, லைன்லயே மோட்டார் போட்டுக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னால் அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது சட்டவிரோதம், பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிட மோசம், மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் உள்ள இடத்தில் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுபடும். மகனின் வயிற்றுப்போக்குக்குப் பள்ளி கேன்டீனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

போர் தண்ணீரைப் பார்க்கக் கருவி தேவையில்லை. ஷவர் தலையைப் பாருங்கள். துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தால், எவர்சில்வர் குழாய்க் கழுத்தில் சுண்ணாம்புப் பொருக்கு ஏறியிருந்தால், அது கடினத் தண்ணீர். தண்ணீர் பாட்டிலில் பாதி நிரப்பிச் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் உங்கள் கீஸர் கம்பி சீக்கிரமே போய்விடும். கம்பியின் மேல் படிகிற சுண்ணாம்பு வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது, கம்பி தன் சூட்டிலேயே எரியும். வீட்டுக்காரர் டிடிஎஸ் மீட்டரை நீட்டி "நானூறுதாங்க" என்பார். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தைத் தனியாகக் காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. இந்தியத் தரப்படி (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) டிடிஎஸ் 500 வரைக்கும், கடினத்தன்மை 200 வரைக்கும் நல்லது. வேறு வழியில்லாதபோது மட்டும் முறையே 2,000, 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். சாஃப்ட்னர் போட்டிருக்கிறோம் என்றால், அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும் எந்திரம். தலைமுடிக்கும் துணிக்கும் நல்லது, டிடிஎஸ் குறையாது, குடிதண்ணீருக்கு அது தீர்வில்லை. உப்பு போட்டுக் கழுவும் வேலை யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுவாணிக்கு ஆர்ஓ எந்திரம் வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே உப்பு மிகக் குறைந்த தண்ணீரை வடிகட்டுவதற்காக அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடையில் விடுவீர்கள். காய்ச்சிக் குடியுங்கள்.

மாமியாருக்குக் கீழ்வீடுதான் வேண்டும், சரி. கீழ்வீட்டில் தொட்டிக்கும் செப்டிக் டேங்க்குக்கும் எத்தனை அடி என்று பாருங்கள். பழைய வீடுகளில் சிலர் இரண்டையும் போர்ட்டிகோவுக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். சங்கனூர்ப் பள்ளம் என்கிற ஓடையை ஒட்டின தெருக்களில் கீழ்வீடு வேண்டாம். மழையில் பள்ளம் பெருகினால் முதலில் நிறைவது உங்கள் நல்ல தண்ணித் தொட்டிதான். தெற்கே பார்ப்பதாக இருந்தால் சாயங்காலம் காற்றடிக்கும்போது போய் நின்று பாருங்கள். வெள்ளலூர் குப்பைக் கிடங்கின் வாசம் பகல் பதினொரு மணிக்குத் தெரியாது.

பள்ளி பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரு வரிதான் சொல்வேன். எல்லாப் பள்ளிக்கும் வேன் வரும், எந்த வேனும் தண்ணீர் கொண்டுவராது. மகன் வேனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியிலேயே வந்து பாருங்கள், ஜூனுக்கு அதுதான் தோது. உங்கள் கணவரையும் ஒரு நாள் விடுப்பெடுத்துக் கூட்டிவாருங்கள். தொட்டி மூடி கனமாக இருக்கும்.

வீடு பிடித்துவிட்டால், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தகராறு வந்தால் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்துவதற்கும் வாடகைச் சட்டத்தில் தடை உண்டு. ஒப்பந்தத்திலேயே, முறைத் தண்ணீர் வராத வாரங்களில் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுப்பது யார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுக்கிறவர் வீட்டுக்கு லாரி அடிக்கடி வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.