தரிப்பிடத்துக்குப் பதில் காசு: எங்கே கட்டுவது?

கேள்வி: வவுனியா பஜார் பக்கம் எனக்கு ஆறு பேர்ச் காணி இருக்கிறது. பழைய கடையை இடித்து மாடிக் கட்டடம் போட யோசிக்கிறேன். மூன்று வாகனத்துக்கு இடம் விட வேண்டுமாம். படம் கீறித் தந்தவரோ, "இடம் விடத் தேவையில்லை அண்ணை, காசு கட்டினால் காணும். என்னட்டத் தாங்கோ, முடிச்சுத் தாறன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: காசு கட்டும் முறை உண்மைதான். ஆனால் அவர் கையில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப் பகுதிக்குள் (அபிவிருத்திப் பகுதியென்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குள்) வரும் காணி என்றால், கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பார்த்து வாகனத் தரிப்பிடம் கேட்பார்கள். விட முடியாவிட்டால் அதற்குப் பதில் சேவைக் கட்டணம் அறவிடலாம். "அறவிடலாம்" என்பதைக் கவனியுங்கள். அது உங்கள் உரிமை இல்லை, அவர்கள் தரும் இணக்கம்.

யாருக்கு இணங்குவார்கள்? உண்மையிலேயே இடம் இல்லாதவருக்கு. ஒரு காருக்குக் கோடு போட 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும், ஏறக்குறைய 125 சதுர அடி. உள்ளே வர, திரும்ப, வெளியே போக இடம் சேர்த்தால் காருக்கு ஒரு பேர்ச் (ஏறக்குறைய 272 சதுர அடி) போய்விடும். மூன்று காருக்கு உங்கள் காணியில் பாதி. இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய, பன்னிரண்டு அடி முகப்புக் காணி என்றால் ஒரு காரை நுழைக்கலாம், திருப்ப முடியாது. அதைப் படத்தில் அளவோடு காட்டுங்கள். முகப்பு அகலம், பக்கச் சுவர், பின்வேலி, ஒழுங்கை இருந்தால் அதன் அகலம், எல்லாம் இருக்கட்டும். "இடம் இல்லை ஐயா" என்று வாயால் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பின்பக்கம் வெறும் வளவு கிடந்தால், அங்கே விடு என்றுதான் பதில் வரும்.

இப்போது தரகர் வேலை பார்க்கும் அந்தப் படம் கீறியவருக்கு வருவோம். தொகையைச் சொல்ல வேண்டியது உங்கள் உள்ளூராட்சிச் சபையோ நகர அபிவிருத்தி அதிகார சபையோ, அதுவும் எழுத்தில். படம் பரிசீலனைக்குப் போகமுதலே தொகை சொல்பவர் தன் பங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறார். கடிதம் உங்கள் பெயருக்கு வரவேண்டும். கருமபீடத்தில் நீங்களே கட்டி, பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள். "உள்ளுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லி வெறுங்கையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் பலர்.

இன்னொரு வித்தை: படத்தில் கீழ்த்தளத்தைத் தரிப்பிடமாகக் காட்டி, இணக்கச் சான்றிதழ் (படத்தின்படியே கட்டியிருக்கிறது என்ற சான்று) கைக்கு வந்ததும் ஷட்டர் போட்டுக் கடையாக்குவது. நான் பார்த்த ஒரு கட்டடத்தில் அரிசி மூட்டைகளுக்கு அடியில் மஞ்சள் கோடு இன்னும் அழியாமல் தெரிகிறது. அங்கே கடை எடுத்தவர் வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் சிக்கல் வெளியே வந்தது.

கட்டணம் கட்டினால் உங்களுக்கென்று ஒரு தரிப்பிடம் கிடைக்காது. கண்டி வீதிப் பக்கமுள்ள கட்டடக் கோடும் (வீதிப் பக்கம் அதைத் தாண்டிக் கட்டக்கூடாத எல்லை) தளராது, அது வேறு விஷயம். வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் வழக்கம்போல வீதியோரத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் இந்தக் காசு எங்கே போகிறது? நியாயமான கேள்வி. நம் தம்பிமார் இருக்கிற ஜெர்மனியில் இப்படி வாங்கும் பணத்தைத் தரிப்பிடம், பொதுப் போக்குவரத்து போன்றவற்றுக்குத்தான் செலவழிக்கலாம் என்று மாநிலச் சட்டங்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே தரிப்பிடத்துக்கென்று வாங்குகிறார்கள், தரிப்பிடத்தைத்தான் காணவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நாலு கடைக்காரர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

சரி, அதெல்லாம் பிறகு. முதலில் காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கீறிய கட்டடப் படம் மூன்றையும் படம் கீறியவரிடமிருந்து திருப்பி வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். கந்தோருக்கு நீங்களே போங்கள்.