ஒரு வழிப்பாதையை மாற்ற 3,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: தக்கலைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் போட வேண்டாம். எங்கள் கடைத்தெரு ஏழு வருடமாக ஒரு வழிப்பாதை. காலையில் சைக்கிளில் நேரே கடைக்கு வந்துவிடுவேன். ராத்திரி திரும்பும்போது எதிர்த்து வரக்கூடாது என்று காவலர் நிறுத்துகிறார். சுற்றிப் போனால் டாரஸ் லாரிகள் ஓடும் மெயின் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர். இப்போது ஒருவர் தெருவை மறுபடி இரு வழியாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குச் சங்கத்தில் கடைக்கு 3,000 ரூபாய் பிரிக்கிறார்கள். கொடுக்கலாமா? இரு வழியானால் சைக்கிளுக்கு இடம் இருக்குமா, இருக்கிற இடமும் போய்விடுமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீது கேளுங்கள். அந்த ஆள் முகம் போகிற போக்கைப் பார்த்தாலே மிச்சம் புரிந்துவிடும்.

தெருவை ஒரு வழியாக்கவும் சரி, இரு வழியாக்கவும் சரி, பொதுமக்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய பணம் என்று ஒன்றும் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கி வரலாம். பஸ் டிக்கெட்தான் செலவு. ஆனால் கொடுத்த மனு மூன்று மாதம் அசையாது. அந்த மூன்று மாதத்தில்தான் இந்த ஆட்கள் முளைக்கிறார்கள். கோப்பை ஒழுங்காக நகர்த்தினால் இவர்களுக்குப் பிழைப்பே இருக்காது. அதை யாரிடம் சொல்ல?

‘ஆர்.டி.ஓ. ஆபீஸில் நமக்கு ஆள் உண்டு’ என்பது இவர்களுடைய முதல் வசனம். லைசென்ஸ், ஆர்.சி., பெர்மிட் எல்லாம் அந்த ஆபீஸ் வேலை. கடைத்தெருவில் வண்டி எந்தப் பக்கம் ஓடும் என்பது அவர்கள் போடும் உத்தரவு அல்ல. அப்புறம், ‘பாறசாலையில் நான்தான் மாற்றிக் கொடுத்தேன்’ என்பார்கள். எல்லை தாண்டினால் நடைமுறையே வேறு. கேரளத்தில் உள்ளாட்சித் தலைவரின் தலைமையில் போக்குவரத்து ஒழுங்குக் குழு கூடிப் பேசும். இங்கே காவல் துறையின் அறிக்கை, ஆட்சியரின் உத்தரவு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துச் செல்வாக்கு இந்தப் பக்கம் செல்லாது.

அதற்கும் மசியாவிட்டால் ‘டிராஃபிக் சர்வே ரிப்போர்ட்’ வரும். நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஸ்பைரல் பைண்டிங், கலர் வரைபடம், எழுபது பக்கம். நடுவில் ‘ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் தேங்கும் வாகனங்கள்’ என்று ஒரு அட்டவணை. அந்த ஊரில் தண்டவாளமே கிடையாது! வேறு ஏதோ ஊருக்குச் செய்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு வியாபாரிகள் எவ்வளவு அழுதார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 115-வது பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி கருதி அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ ஒரு சாலையில் மோட்டார் வாகனங்களைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். ஆனால் அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும், தெருவில் பலகையும் வைக்க வேண்டும். நம் பக்கத்தில் பல தெருக்களில் பலகை மட்டும்தான் இருக்கிறது. எப்போதோ சாக்கடை ஓடை வேலைக்கோ கோயில் கொடைத் திருவிழாவுக்கோ வண்டியைத் திருப்பிவிட்டிருப்பார்கள். வேலை முடிந்திருக்கும், கொடை முடிந்திருக்கும், நகைக்கடை விளம்பரம் ஒட்டிய இரும்பு பாரிகேட் மட்டும் அங்கேயே நிற்கும். அடுத்து வருகிற அதிகாரி அதைச் சட்டம் என்றே நினைத்துக்கொள்வார்.

அதனால் உங்கள் முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘எங்கள் தெருவை ஒரு வழிப்பாதையாக்கிய அரசிதழ் அறிவிப்பின் நகல் வேண்டும்’ என்று கேட்பது. 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து மனு எழுதலாம். ‘அப்படி ஆவணம் இல்லை’ என்று வந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் உங்களை மடக்குவார்கள். கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. ஊருக்குத் தெரிகிற மாதிரி விளம்பரம் செய்தால் போதும். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, நோட்டீஸ் ஒட்டுவது, இந்த மாதிரி. திருவிழாவுக்கு, சாலை வேலைக்கு, சோதனையாகப் பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான். உங்கள் தெருவில் ஏழு வருடம் ஓடியிருக்கிறது. ‘அது தற்காலிக ஏற்பாடு சார், அறிவிப்பு தேவையில்லை’ என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் ஆரம்பித்த தற்காலிகம் என்று கேளுங்கள். மாதாமாதம் புதுப்பிக்கிறோம் என்றால் ஒவ்வொரு மாதத்து உத்தரவின் நகலையும் கேளுங்கள். எண்பத்து நாலு உத்தரவு காட்ட வேண்டியிருக்கும். யாரிடமும் இருக்காது. அதே விலக்கு உங்களுக்கும் உதவும். நிரந்தர மாற்றம் என்றால் அதிகாரிக்குக் கை நடுங்கும், ‘ஒரு மாதம் சோதனை’ என்றால் கையெழுத்துப் போடுவார். மனுவில் அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

உங்கள் சைக்கிள் விஷயம். 115-வது பிரிவு பேசுவது மோட்டார் வாகனத்தைப் பற்றி. ஓட்டத்துக்கு எதிராக வண்டி ஓட்டினால் 184-வது பிரிவில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைகூட உண்டு. 2019 திருத்தத்தில் வந்தது. அதுவும் மோட்டார் வாகனத்துக்குத்தான். மிதிக்கிற சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் காவலரிடம் வாதாடாதீர்கள். நெரிசலை ஒழுங்குபடுத்த அவருக்கு வேறு அதிகாரம் உண்டு. அவருடைய பயமும் நியாயம்தான். உங்களை விட்டால் பின்னாலேயே நாலு பைக் வரும்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, இடம் இருக்குமா என்பது. தையல்காரரிடம் அளவு எடுக்கச் சொல்வது தப்பில்லையே. உங்கள் டேப் 60 அங்குலம்தான், கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் இரவல் வாங்குங்கள். இரண்டு முறை அளங்கள். காலையில் ஷட்டர் திறப்பதற்கு முன் ஓடையிலிருந்து ஓடை வரை ஒரு தடவை. மாலை ஆறு மணிக்கு, சாய்த்து நிறுத்திய பைக்குகள், பூக்கடைப் பெஞ்சு, சரக்கு இறக்கும் வேன் எல்லாம் போக நடுவில் மீதி இருப்பதை ஒரு தடவை. ரிப்போர்ட்டில் காலை அளவுதான் இருக்கும். நீங்கள் வீட்டுக்குப் போவது மாலை அளவில்.

கணக்கு சுலபம். பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை போகலாம். கார் கண்ணாடியோடு சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர். சைக்கிள் ஆடி அசைந்து போக 1 மீட்டர். நகரச் சாலையில் இரு வழிக்கு, ஓரக் கல் இல்லாத இடத்தில் 7 மீட்டர் வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. மாலை ஆறு மணிக்கு 7 மீட்டர் கிடைத்தால் தாராளமாக இரு வழி கேளுங்கள். ஐந்தரை மீட்டருக்கும் கீழே என்றால் கேட்காதீர்கள். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஓரத்தில் நசுங்குவது நீங்கள்தான். இடைப்பட்ட அளவு என்றால் ஒரு பக்கம் பார்க்கிங்கை எடுத்தால் மட்டும் இரு வழி. இதை உத்தரவிலேயே எழுத வைக்காமல் விட்டால், இரு வழி வரும், பார்க்கிங்கும் இருக்கும், சைக்கிள் ஓடைக்குள் கிடக்கும்.

இரு வழியே நல்லது என்று நானும் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேசியிருக்கிறேன். அதில் உண்மை உண்டு. எதிரே எதுவும் வராது என்று தெரிந்தால் ஆக்சிலேட்டரை அமுக்கத்தான் தோன்றும். இரு வழியில் வேகம் தானாகக் குறையும், வாடிக்கையாளர் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார். அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் 2011-இல் இரண்டு தெருக்களை இப்படி மாற்றியபோது விபத்துகள் குறைந்ததாகவே ஆய்வு சொன்னது. ஆனால் அவை நம் கடைத்தெருவை விட எத்தனையோ மடங்கு அகலம். இரண்டு ஒரு வழித்தெருக்கள் குறுக்கிடும் முனையில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் ஐந்து. இரண்டும் இரு வழியானால் முப்பத்திரண்டு. வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும் ஒரு ஆட்டோ மொத்தத் தெருவையும் நிறுத்திவிடும்.

உங்களுக்கு வேண்டியது சைக்கிளில் வீடு திரும்புவதுதான் என்றால் இதைவிடச் சின்ன வழி ஒன்று இருக்கிறது. தெரு ஒரு வழியாகவே இருக்கட்டும், சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசையில் வர அனுமதி. பெல்ஜியத்தில் 2004 முதல் இதுதான் பொதுவிதி. மூன்று மீட்டர் அகலம் உள்ள ஒரு வழித்தெருவிலேயே சைக்கிள் இரண்டு பக்கமும் போகும். நுழையாதே பலகைக்குக் கீழே ‘சைக்கிள் தவிர’ என்று ஒரு சின்னப் பலகை, தரையில் கொஞ்சம் பெயிண்ட், அவ்வளவுதான்.

அப்படி வரும்போது நீங்கள் உங்கள் இடப்பக்கமே வர வேண்டும். எதிரே வரும் கார்க்காரருக்கு அது வலப்பக்கம், அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம். உங்களை நேராகப் பார்ப்பார். நின்றிருக்கும் காரின் கதவு திடீரென்று திறந்தாலும், கூடவே போகும் சைக்கிளுக்குக் கதவின் விளிம்பு குத்தும், எதிர்த்து வருகிறவர் இடித்தால் கதவு மூடிக்கொள்ளும். பார்ப்பதற்கு ஆபத்தாகத் தெரிந்தாலும் தெருவின் நடுவில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து முடுக்குகளில், அதாவது தெருவில் வந்து சேரும் சின்னச் சந்துகளில். முடுக்கிலிருந்து பைக்கில் வெளியே வருகிறவன் வண்டி வரும் பக்கம் மட்டும்தான் கழுத்தைத் திருப்புவான். ஏழு வருடப் பழக்கம். இரு வழியானாலும் இதே கதைதான், முதல் மாதம் முழுக்கப் பாதசாரிகள் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். ஒவ்வொரு முடுக்கு வாயிலிலும் தரையில் ‘இரு பக்கமும் பார்’ என்று எழுதச் சொல்லுங்கள். பழைய பலகைகளை அன்றைக்கே பிடுங்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஓர் ஊரில் உத்தரவு வந்து எட்டு மாதம் ஆன பிறகும் பழைய நுழையாதே பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதை வைக்கச் செலவு செய்த அலுவலகம் வேறாம், எடுக்க வேண்டியது வேறு அலுவலகமாம். கூகுள் மேப்பிலும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், அது உங்கள் பையன் கைப்பேசியிலேயே செய்வான்.

ஆக, மாலை அளவு எடுத்துவிட்டு மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தெருவின் நீளம், இரண்டு அளவுகள், சுற்றிப் போகும் தூரம், அந்தச் சாலையில் லாரி ஓடும் நேரம். கோரிக்கை ஒன்றே ஒன்று, அளவைப் பொறுத்து இரு வழி அல்லது சைக்கிளுக்கு விலக்கு, ஒரு மாதச் சோதனையாக. நகல் ஒன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஒன்று உங்கள் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ. தெரு நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்களுக்கும். சங்கத்தின் லெட்டர்பேடு வேண்டாம், அதை வைத்துத்தான் அந்த ஆள் உள்ளே வருவார். கையெழுத்துக்குப் போகும்போது பார்க்கிங் போகப்போகிற வரிசையில் இருக்கும் கடைக்காரர்களிடம் முதலில் போங்கள். எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும், அதைக் கடைசி வரை தள்ளிப் போட்டால் அவர்கள் வேறு மனுவோடு உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.