கிராட்டெஸின் கஞ்சிச் சட்டி – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பழைய கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவம் பற்றிய காணொளிகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஸ்டோயிக்கான ரோமப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் குறிப்புகளையும் வாசித்துவிட்டேன். எங்கே போனாலும் 'ஸ்டோயிக்குகளுக்கு முன்னோடி சினிக்குகள்' என்று ஒரு வரி வருகிறது. அவர்கள் யார் என்று தேடினால் டயோஜெனீஸ் பற்றிய துணுக்குகள்தான் கிடைக்கின்றன. பகலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு மனிதனைத் தேடினார், அலெக்சாண்டரிடம் 'வெயிலை மறைக்காதே' என்றார், இறகு பிடுங்கிய சேவலைப் பிளேட்டோவின் வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு போனார். சிரிப்பு வருகிறது, சரி. இதில் தத்துவம் எங்கே? ஊரார் போட்டதைத் தின்றுவிட்டு ஊராரையே கேலி செய்தவரை எதற்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும்? எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். யார் எதைத் தொடங்கினாலும் 'இதெல்லாம் வேலைக்காகாது' என்பார். கேட்டால் 'நான் ஒரு சினிக்' என்று பெருமை வேறு. அவர்களும் இப்படித்தானா? அலெக்சாண்டர் சந்திப்பு நிஜமாக நடந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எரிச்சல் புரிகிறது. துணுக்குகளை மட்டும் அடுக்கிவைத்தால் டயோஜெனீஸ் வாய்த்துடுக்கான ஒரு கிழவராகத்தான் தெரிவார். அவரைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் ஏற்கனவே வாசிக்கும் ஸ்டோயிக்குகளின் பக்கமிருந்தே வருகிறேன்.

ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய ஸீனோ, சைப்ரஸ் தீவில் ஃபினீஷியர் குடியேறியிருந்த கிட்டியம் நகரத்துக்காரர். வணிகர். ஊதாச் சாயச் சரக்கோடு வந்த கப்பல் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் அருகே உடைந்துபோனது. நகரத்துக்குள் வந்தவர் ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர், சாக்ரடீஸைப் பற்றி செனோபோன் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்கப் பிடித்துப்போய், "இந்த மாதிரி ஆட்களை எங்கே பார்க்கலாம்?" என்றார் ஸீனோ. அந்த நேரம் பார்த்து கிராட்டெஸ் அந்தப் பக்கமாகப் போனார். "அதோ, அவர் பின்னால் போ" என்றார் கடைக்காரர்.

கிராட்டெஸ் ஒரு சினிக். டயோஜெனீஸின் மாணவர் என்று சொல்வார்கள். ஸீனோவுக்குப் பாடம் பிடித்தது, கூச்சம்தான் விடவில்லை. ஒருநாள் கிராட்டெஸ் ஒரு சட்டி நிறையப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்து, குயவர் பேட்டையான கெராமெய்க்கஸ் வழியாகத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். வணிகம் பார்த்த மனிதர் தெருவில் கஞ்சிச் சட்டியோடு போவதா? ஸீனோ அதை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டார். கிராட்டெஸ் பார்த்துவிட்டார். கைத்தடியால் ஒரே அடி. சட்டி உடைந்து கஞ்சி கால் வழியாக வழிய, ஸீனோ ஓட்டமெடுத்தார். "ஏன் ஓடுகிறாய், என் ஃபினீஷியப் பையா? உனக்கு அப்படியொன்றும் பயங்கரம் நடந்துவிடவில்லையே" என்றார் கிராட்டெஸ்.

நீங்கள் தேடும் தத்துவம் இந்தச் சட்டிக்குள்தான் இருந்தது என்பேன். மனிதனைக் கட்டிப்போட ராஜாவும் வேண்டாம், விலங்கும் வேண்டாம், 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற ஒன்று போதும் என்பது சினிக்குகளின் கணிப்பு. இதைப் பேசிப் புரியவைக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெட்கம் உடம்பில் இருக்கிறது, உடம்பைப் பழக்கித்தான் அதைப் போக்க முடியும். விளையாட்டு வீரர்கள் எடுக்கும் பயிற்சிக்கு கிரேக்கத்தில் என்ன பெயரோ, அதே பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள்.

இந்தக் கண்ணோடு டயோஜெனீஸின் துணுக்குகளுக்குத் திரும்பிப் பாருங்கள். கோடையில் சுடுமணலில் புரண்டார். குளிர்காலத்தில் பனி படிந்த சிலைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சிலையிடம் கையேந்தினார். ஏன் என்று கேட்டதற்கு, "இல்லை என்று சொல்லப்படுவதற்குப் பழகுகிறேன்" என்றார். நாடகம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது இவர் உள்ளே நுழைவார். "வாழ்நாள் முழுக்க இதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்" என்பது விளக்கம். வேடிக்கை பார்த்தவர்களுக்கு நகைச்சுவையாகத் தெரிந்தது, அவருக்கு அது தினசரிப் பயிற்சி. உங்கள் அலுவலக நண்பர் சிலையிடம் கையேந்தியதுண்டா என்று கேட்டுப்பாருங்கள். அவர் எதையும் இழக்காமல் நாற்காலியில் சாய்ந்தபடி நக்கலடிப்பவர். அந்தக் காலத்து சினிக்காக இருந்தால் முதலில் நாற்காலியை விட்டிருப்பார்.

இழந்தவர் யார் என்றால் கிராட்டெஸ். தீப்ஸ் நகரத்துப் பெரும்பணக்காரர். சொத்தை விற்றதில் சுமார் 200 தாலந்து வந்தது, அதை ஊராருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்கிறது ஒரு கதை. இன்னொரு கதை இதைவிட ருசியானது. பணத்தை ஒரு வட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்து, "என் பிள்ளைகள் சாதாரண ஆட்களாக வளர்ந்தால் அவர்களிடம் கொடு, தத்துவவாதிகளாக வளர்ந்தால் ஊராருக்குக் கொடு. தத்துவவாதிகளுக்கு எதுவும் தேவைப்படாது" என்றாராம். பணக்கார வீட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கிண்டல் செய்து அவர் எழுதிய சில வரிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சமையல்காரனுக்கு 10 மினா, மருத்துவருக்கு 1 டிராக்மா, ஜால்ரா போடுகிறவனுக்கு 5 தாலந்து, புத்தி சொல்கிறவனுக்குப் புகை, தாசிக்கு 1 தாலந்து, தத்துவவாதிக்கு 3 ஓபோல். ஒரு தாலந்து என்பது 6,000 டிராக்மா, ஒரு மினா 100 டிராக்மா, ஒரு டிராக்மாவுக்கு 6 ஓபோல். ஏதென்ஸில் ஒரு நாள் ஜூரியாக உட்கார்ந்தாலே 3 ஓபோல் படி கிடைக்கும். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தக் கணக்கு இன்றும் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது என்று சாட்சி சொல்வேன்.

கிராட்டெஸுக்கு ஊரில் 'கதவு திறப்பவர்' என்று பட்டப்பெயர். எந்த வீட்டுக்குள்ளும் நுழைவார், அறிவுரை சொல்வார். அழைப்பே வேண்டாம், வீட்டாரும் தடுப்பதில்லை. சினிக் என்றாலே மனிதர்களை வெறுத்து ஒதுங்கியவர் என்று நினைப்பவர்களுக்கு இவரைத்தான் காட்டுவேன்.

ஹிப்பார்க்கியாவை விட்டுவிட முடியாது. திரேஸ் பகுதியின் மரோனியா ஊர்க்காரர். அவருடைய அண்ணனோ தம்பியோ, மெட்ரோக்ளெஸ், கிராட்டெஸிடம் படித்தவர். கட்டினால் கிராட்டெஸைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் உயிரை விட்டுவிடுவேன் என்று ஹிப்பார்க்கியா ஒற்றைக்காலில் நின்றார். பெற்றோர் கிராட்டெஸிடமே வந்து, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். அவரும் சொல்லிப்பார்த்தார். கடைசியில் ஹிப்பார்க்கியாவின் முன்னால் தன் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இதுதான் மாப்பிள்ளை, இதுதான் அவன் சொத்து. யோசித்து முடிவெடு" என்றார். ஹிப்பார்க்கியா முடிவெடுத்தார். கணவரைப் போலவே உடுத்திக்கொண்டு, கிரேக்கப் பெண்கள் போகாத விருந்துகளுக்கெல்லாம் அவரோடு போனார். அப்படி ஒரு விருந்தில் தியோடோரஸ் என்ற தத்துவவாதி, தறியை விட்டுவிட்டு வந்தவள் இவள்தானா என்று சீண்டினார். "ஆமாம், தறியில் வீணாக்கியிருக்க வேண்டிய நேரத்தைப் படிப்பில் செலவழித்தேன். தப்பான முடிவு என்றா நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார் ஹிப்பார்க்கியா. இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய வாக்குவாதம்.

இப்போது டயோஜெனீஸ். கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியில் இருக்கும் சினோப் அவர் ஊர். அப்பா ஹிக்கேசியாஸ் நாணயம் கையாண்டவர். நாணயத்தைச் சிதைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு டயோஜெனீஸ் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இது கட்டுக்கதையாக மட்டும் இருக்க முடியாது. உளியால் வெட்டிக் கெடுக்கப்பட்ட சினோப் நாணயங்களும், ஹிக்கேசியாஸ் என்ற பெயர் பொறித்த நாணயங்களும் கிடைத்திருக்கின்றன. ஏதென்ஸில் அவர் வாழ்ந்தது படங்களில் காட்டுவதுபோல் மரப்பீப்பாயில் இல்லை, பெரிய மண்தாழியில். அதற்கும் காரணம் தத்துவம் இல்லை. ஒரு சின்ன வீடு பார்த்துத் தரச் சொல்லி ஒருவருக்கு எழுதியிருந்தார், அவர் இழுத்தடித்தார், இவர் சந்தைத் திடல் பக்கம் கிடந்த தாழிக்குள் குடியேறிவிட்டார்.

'ஊரார் போட்டதைத் தின்றுவிட்டு' என்கிறீர்கள். ஆமாம், தின்றார். அதற்கு அவர் சொன்ன நியாயம்: எல்லாம் கடவுளருடையது, ஞானிகள் கடவுளரின் நண்பர்கள், நண்பர்களுக்குள் உன்னது என்னது கிடையாது, ஆகவே எல்லாம் ஞானிகளுடையது. இதை அவரே சிரிக்காமல் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நகரம் விளைவிக்க, நகரம் சமைக்க, நகரத்தை மறுத்தபடி வாழலாம் என்ற இந்த ஏற்பாடு எல்லோருக்கும் ஒத்துவராது. எல்லோரும் சினிக்கானால் கஞ்சிக்குப் பருப்பே இருக்காது.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. டயோஜெனீஸ் ஏதென்ஸுக்கு வந்தபோது அவரிடம் மானெஸ் என்று ஓர் அடிமை இருந்தான். அவன் ஓடிப்போனான். தேடிப் பிடிக்கச் சொன்னவர்களிடம், "டயோஜெனீஸ் இல்லாமல் மானெஸ் வாழ முடியும், மானெஸ் இல்லாமல் டயோஜெனீஸால் வாழ முடியாது என்றால் கேவலம்" என்றார். அருமையான பதில், மறுக்கவில்லை. ஆனால் பதில் முழுக்க டயோஜெனீஸைப் பற்றித்தான் இருக்கிறது. பிற்பாடு கடற்கொள்ளையரிடம் சிக்கி அவரே ஏலத்துக்கு வந்தார் என்றும் சொல்வார்கள். அப்போதும், 'இதோ இவனிடம் விற்றுவிடு, இவனுக்கு ஓர் எஜமான் தேவை' என்று கேலிதான். அடிமை முறையே கூடாது என்று அவர் பேசியதாக எந்தக் கதையும் இல்லை. உள்ளுக்குள் சுதந்திரமாக இருப்பவனை யாரும் அடிமையாக்க முடியாது என்ற நினைப்பு, வெளியே இருக்கும் சந்தையை அப்படியே விட்டுவிட்டது. ஸ்டோயிக்குகளும் இந்த ஓட்டையோடு சேர்த்துத்தான் அதை வாங்கிக்கொண்டார்கள். காணொளிகளில் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பழைய துணி, கைத்தடி, தோள்பை என்று சினிக்குகளுக்கு ஒரு கோலம் இருந்தது. கோலம் என்று ஒன்று வந்துவிட்டால் போலியும் வந்துவிடும். கந்தலின் கிழிசல் வெளியே தெரியும்படி திருப்பிப்போட்ட ஆண்டிஸ்தெனீஸிடம் (சாக்ரடீஸின் மாணவர், சினிக்குகளின் முன்னோடியாகச் சொல்லப்படுபவர்), "அந்த ஓட்டை வழியாக உன் பகட்டு தெரிகிறது" என்று சாக்ரடீஸே சொல்லியிருக்கிறார். ரோமானியர் காலத்தில், கிபி 2ஆம் நூற்றாண்டில், தொழிலை விட்டுவிட்டுத் தடியும் பையுமாகக் கிளம்பிய கும்பலை அங்கத எழுத்தாளர் லூசியன் வறுத்தெடுத்தார். ரோமானியர் காலத்திலும் அசல் ஆட்கள் இருந்தார்கள். லூசியனுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, பேரரசர் கலிகுலா கொடுத்த 2 லட்சம் செஸ்டெர்ஸ் பணத்தைச் சிரித்தபடி திருப்பிவிட்ட டெமெட்ரியஸ், "என்னைச் சோதிக்க வேண்டுமானால் மொத்த சாம்ராஜ்யத்தையும் அல்லவா கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். பிறகு அவர் வெஸ்பாசியனையும் வம்புக்கிழுத்தபோது, "குரைக்கிற நாயை நான் கொல்வதில்லை" என்றார் பேரரசர். சினிக்குகளுக்கு நாய் என்பதுதான் பெயரே.

அவர்களின் பாதிப்பு என்றால் நேரடியாகக் கொள்கையாக வந்தது குறைவு. ஸீனோ அந்தக் கஞ்சிச் சட்டியைக் கழுவித் துடைத்து, தர்க்கமும் இயற்பியலும் சேர்த்து, ஓர் அரசாங்க அதிகாரிகூட வீட்டில் வைத்துக்கொள்ளும்படி ஆக்கினார். மார்கஸ் ஆரேலியஸ் வரை போனது அந்த வழிதான். இன்னொரு வழி இலக்கியத்தில். இன்றைய ஜோர்டானில் இருக்கும் கதாராவில் பிறந்த மெனிப்பஸ், தத்துவத்தையும் கேலியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினார். லூசியன் அதை எடுத்துக்கொண்டார், ஐரோப்பிய அங்கதம் லூசியனிடமிருந்து நிறையக் கற்றது. நம் காலத்தில் பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ, 1984இல், சாகும் முன் நடத்திய கடைசி விரிவுரைகளில் சினிக்குகளைத்தான் கையில் எடுத்தார். உண்மையைச் சொல்வதற்கு முன் அதற்குத் தகுந்தாற்போல் வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற அவர்களின் பிடிவாதம் அவரை ஈர்த்தது.

அலெக்சாண்டர் சந்திப்பு நடந்ததா? எனக்கு நம்பிக்கையில்லை. இந்தக் கதைகளுக்கு நாம் பெரிதும் நம்பியிருக்கும், தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த லயெர்ட்டியஸ் எழுதியது டயோஜெனீஸ் செத்து ஐந்நூறு வருடங்களுக்குப் பிறகு. இருவரும் கிமு 323இல் ஒரே நாளில் செத்தார்கள் என்றெல்லாம் வரும்போது யாரோ உட்கார்ந்து பொருத்தம் பார்த்திருப்பது தெரிகிறது. ஆனால் டயோஜெனீஸின் மாணவர் ஒருவர் அலெக்சாண்டரின் படையோடு வந்தது உண்மை. ஒனெசிக்ரிட்டஸ் என்று பெயர். தட்சசீலத்தில் நிர்வாணத் துறவிகளைப் பார்த்துவர அவரைத்தான் அலெக்சாண்டர் அனுப்பினார். மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகப் பேச்சு. சேற்றின் வழியாகத் தெளிந்த தண்ணீர் ஓடவேண்டும் என்பதுபோல இருக்கிறது என்று மண்டனிஸ் என்ற மூத்த துறவி அலுத்துக்கொண்டார். சாக்ரடீஸ், பிதாகரஸ், டயோஜெனீஸ் என்ன சொன்னார்கள் என்று இவர் எடுத்துச்சொல்ல, மண்டனிஸ் கேட்டுவிட்டு, நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள், ஆனால் இயற்கையைவிட வழக்கத்தைப் பெரிதாக நினைக்கிறார்கள், இல்லாவிட்டால் என்னைப்போல் துணியில்லாமல் இருக்க வெட்கப்படுவார்களா என்றார். வழக்கத்தை எதிர்ப்பதே தொழிலாகக் கொண்டிருந்த ஆளின் மாணவரிடம்!

லயெர்ட்டியஸின் ஆறாம் புத்தகம் இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டயோஜெனீஸ் பகுதி நீளம், துணுக்குகள் திகட்டிவிடும். கிராட்டெஸும் ஹிப்பார்க்கியாவும் வரும் கடைசிப் பக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள். கஞ்சிச் சட்டி அடுத்த புத்தகத்தின் தொடக்கத்தில் இருக்கிறது.