'டேபிள்' என்ற சொல்லை வைத்து வந்த குழப்பம்

வணக்கம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய கூட்டக் குறிப்பை உங்கள் லண்டன், சிகாகோ கிளைகள் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதையும், மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் குறிப்பில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. 'தி புரோபோசல் வாஸ் டேபிள்ட்' என்ற வரியைப் படித்து லண்டன் கிளை வேலையைத் தொடங்கியதற்கும், சிகாகோ கிளை கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கும் 'டேபிள்' என்ற அந்த ஒரு சொல்லே காரணம். பிரிட்டனில் அது விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவிலோ கிடப்பில் போடுவது. நம் நாடாளுமன்றச் செய்திகளில் வருவது பிரிட்டிஷ் வழக்கு என்பதால் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு ராணுவத் தலைமையினரும் இதே சொல்லால் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான்! சர்ச்சில் தம் போர் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்.

மேலாளரிடம் அகராதியைக் காட்டி வாதாடாதீர்கள், பயனில்லை. சொல்லையே மாற்றுங்கள். முன்வைத்ததாக இருந்தால் 'வாஸ் புட் ஃபார்வர்ட் ஃபார் டிஸ்கஷன்', தள்ளிவைத்ததாக இருந்தால் 'வாஸ் போஸ்ட்போன்ட்' என்று எழுதி, எந்தத் தேதி வரை என்பதையும் சேருங்கள். பழைய வரியையும் மேற்கோள் காட்டி, திருத்தத்தை இரு கிளைகளுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.