400 மீட்டரும் அரை மாரத்தானும்: ஒரே உடம்பு தாங்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 36, எடை 56 கிலோ. மதுரையில் கல்லூரி நாட்களில் 200, 400 மீட்டர் ஓடியிருக்கிறேன். இப்போது ஐடி வேலை. மூன்று வருடமாகக் கப்பன் பூங்காவில் ஓடுகிறேன், 10 கி.மீ. தூரத்தை 56 நிமிடத்தில் முடிப்பேன். இந்த வருடம் மாஸ்டர்ஸ் (35 வயதைத் தாண்டியவர்களுக்கான) போட்டியில் 400 மீட்டரும், கூடவே ஓர் அரை மாரத்தானும் (21 கி.மீ.) ஓட ஆசை. ஆனால், நாலு மாதமாக இடது பிட்டத்துக்கு அடியில் வலி. வேகம் எடுத்தால் இழுக்கிறது. அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் கேபில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தாங்க முடியவில்லை. தினமும் குனிந்து கால்விரலைத் தொட்டு நீட்டல் பயிற்சி செய்தும் குறையவில்லை. சீக்கிரம் களைத்தும் போகிறேன். ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 14. ‘ஸ்பிரின்ட் உடம்பு வேறு, லாங் ரன் உடம்பு வேறு, ஒன்றை விட்டுவிடு’ என்கிறாள் தோழி. அவள் சொல்வது சரியா, டாக்டர்?

பதில்: இரண்டு ஓட்டத்தில் எதையும் விட வேண்டாம். இன்றைக்கே விட வேண்டியது அந்தக் கால்விரல் தொடும் நீட்டலைத்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தோழி சொல்வது ஒலிம்பிக் மேடைக்குப் பொருந்தும். 1976 மாண்ட்ரியலில் கியூபாவின் ஆல்பர்ட்டோ ஹுவாந்தொரேனா 400 மீட்டரை 44.26 வினாடியிலும், 800 மீட்டரை 1 நிமிடம் 43.50 வினாடியிலும் ஓடி இரண்டிலும் தங்கம் வாங்கினார். (அந்த 800 இறுதியில் முதல் சுற்றை முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போனவர் நம் ஸ்ரீராம் சிங்.) நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2019 தோஹா உலகப் போட்டியில் 1,500, 10,000 இரண்டையும் வென்றார், 2024 பாரிஸில் மாரத்தான் தங்கமும், 5,000, 10,000 மீட்டரில் வெண்கலமும். இத்தனை அகலமான வீச்சு உள்ளவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஹுவாந்தொரேனா 5,000 பக்கம் போகவில்லை, ஹசன் 400 பக்கம் வரவில்லை. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் பி.டி. உஷா தனியாக வென்ற 100, 200, 400, 400 தடையோட்டம் எல்லாமே டிராக்கின் ஒரு சுற்றுக்குள் முடிபவை. உச்சத்தில் அரை வினாடி விட்டுக்கொடுத்தாலும் பதக்கம் போய்விடும், அதனால் அவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்த நெருக்கடி கிடையாது.

உடலியக்கமும் உங்கள் பக்கம்தான். 100 மீட்டர் பெரும்பாலும் தசையில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற உடனடி எரிபொருளையும், ஆக்ஸிஜன் இல்லாமல் எரியும் சர்க்கரையையும் நம்பியது. 400 மீட்டரிலேயே ஏறக்குறைய 40 சதவீத ஆற்றல் ஆக்ஸிஜன் வழியாக வருகிறது. 800-ல் அது பாதியைத் தாண்டும், 1,500-ல் 80 சதவீதத்தை ஒட்டி வரும். ஆக, நீங்கள் ஞாயிறு தோறும் ஓடும் நீண்ட ஓட்டம் 400 மீட்டரின் கடைசி 100-க்கு உதவத்தான் செய்யும். தகராறு எங்கே வருகிறது என்றால், இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தையும் வேகத்தையும் ஒரே மாதத்தில் கூட்டுகிறோம். தசைநாண் அப்போதுதான் பழுதாகிறது.

உங்கள் வலிக்கு வருவோம். நேரில் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது, தொடையின் பின்தசையான ஹேம்ஸ்ட்ரிங், உட்காரும் எலும்பில் ஒட்டும் இடத்துத் தசைநாண் நைந்துபோன நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. ஸ்பிரின்ட் ஓடுபவர்களுக்கு வரும் பிடிப்பு வேறு மாதிரி. கால் முன்னால் வீசி, தரையைத் தொடும் முன் கணத்தில், தொடையின் நடுவில் ‘சுரீர்’ என்று பிடிக்கும்; ஓடியவர் அப்படியே நின்றுவிடுவார். உங்களுடையது மெல்ல மெல்ல ஏறியது, உட்கார்ந்தால் கூடுவது.

இடுப்பு மடங்கும்போதெல்லாம் இந்தத் தசைநாண் எலும்பின் மேல் அழுத்தப்படுகிறது. குனிந்து கால்விரலைத் தொடும்போது இழுபடுவதோடு சேர்ந்து நசுங்கவும் செய்கிறது. ‘இறுக்கமாக இருக்கிறது, நீட்டினால் சரியாகும்’ என்று தினமும் அதையே செய்பவர்களுக்கு மாதக்கணக்கில் வலி போகாததற்கு இதுதான் முக்கியக் காரணம். நீட்டலை நிறுத்துங்கள். மேடு ஏறி ஓடுவதையும் முழு வேகத்தையும் ஆறு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். சமதளத்தில் மெதுவாக ஓடலாம். காலடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168. கால் ரொம்ப முன்னால் போய் விழாது, இழுப்பு குறையும். கேபில், தொடைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, உட்காரும் எலும்பு சீட்டில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

இனி பயிற்சி. முதல் இரண்டு மூன்று வாரம், மல்லாந்து படுத்து, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி அப்படியே 30 முதல் 45 வினாடி பிடியுங்கள். ஐந்து முறை, தினம் இரண்டு வேளை. அது சுலபமானதும் ஒற்றைக் காலில் அதையே மெதுவாக, தூக்க 3 வினாடி, இறக்க 3 வினாடி என்று 8 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஜிம்முக்குப் போனால் குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும் மெஷினையும் சேர்க்கலாம். வலி 10-க்கு 3-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், இடுப்பை மடக்கிப் பாரம் தூக்கும் ரொமேனியன் டெட்லிஃப்டை மூன்றாவது கட்டமாகத் தொடங்குங்கள். ஆரம்பத்தில் முட்டி உயரம் வரை இறக்கினால் போதும். முழுதாகக் குணமாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஊசியைக் கேட்டு அவசரப்படாதீர்கள். ஸ்டீராய்டு கொஞ்ச நாள் வலியை அடக்கும், நைந்த நாணைக் கட்டாது.

சில அறிகுறிகள் இருந்தால் நான் மேலே சொன்னது பொருந்தாது. ‘டப்’ என்ற சத்தத்தோடு வலி வந்து தொடையில் நீலம் பாய்ந்தால் நாண் பிய்ந்திருக்கலாம், உடனே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மரமரப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, இருமினால் வலித்தாலோ முதுகுத் தண்டைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் குதித்தால் தொடை இடுக்கில் வலிக்கிறதா? அப்படியென்றால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கக்கூடும். இரும்பும் சாப்பாடும் குறைந்த பெண் ஓட்டக்காரர்களிடம் தவற விடக் கூடாத ஒன்று இது.

களைப்புக்குக் காரணம் உங்கள் ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 14 என்றால் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய காலி. வயதின் மேல் பழி போட வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டு, 60 மி.கி. இரும்பு உள்ள மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம். தினமும் விழுங்குவதைவிட அப்படி எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. கடுமையான ஓட்டத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறிக் குடலின் வாசலைச் சாத்திவிடும். அதனால் ஓட்டம் முடிந்த அரை மணிக்குள், எலுமிச்சைச் சாறோடு எடுங்கள். ஃபில்டர் காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் மாத்திரையை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 முதல் 12 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காய்ச்சல் நாளிலும், நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளும் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடித் தெரியும், அன்று ரத்தம் கொடுக்காதீர்கள். கூடவே பி12, தைராய்டு. மாதவிலக்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்காது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகு, சாப்பாடு போதவில்லையா என்று பார்க்க வேண்டும். உங்கள் எடைக்குப் புரதம் நாளுக்கு 80 முதல் 90 கிராம் வேண்டும். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் பனீர் 18 கிராம்தான். ஒரு கிண்ணம் சாம்பாரை நம்பி இருக்க முடியாது.

நடக்கும்போதும் உட்காரும்போதும் வலியில்லை, ஒற்றைக் கால் தூக்கலில் இரண்டு பக்கமும் சமமாக 20 வருகிறது என்றதும் வேகத்துக்குத் திரும்பலாம். செவ்வாயில், கால் களைக்காத நாளில், 60 மீட்டரை 70 சதவீத வேகத்தில் ஆறு முறை; நடுவில் மூன்று நிமிடம் நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 80, 90 என்று ஏற்றுங்கள். முதலில் நேர்ப்பாதை, பிறகுதான் வளைவு. கன்டீரவா டிராக்கில் எல்லோரும் இடப்பக்கம் திரும்பியே ஓடுகிறோம், உங்கள் வலியும் இடது காலில். வார்ம்-அப்பை ஓரத்துத் தடத்தில் எதிர்த்திசையில் ஓடுங்கள். ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்ட ஷூ) கடைசியாக வரட்டும். குதிகால் உயர்ந்த ஷூவிலிருந்து நேரே ஸ்பைக்ஸுக்கு மாறினால், குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் அக்கிலிஸ் நாண் முரண்டு பிடிக்கும்.

பாரப் பயிற்சியையும் அதே செவ்வாய் மாலையில் வையுங்கள். கடினமானதெல்லாம் ஒரே நாளில் போகட்டும், புதன் நிஜமாகவே சுலபமாக இருக்கட்டும். பலருக்குப் புதன்கிழமைதான் கெடுகிறது: ‘மெதுவாக’ என்று கிளம்பி, கூட வருபவரோடு போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். வியாழன் 8 நிமிடமாக மூன்று முறை, பேச முடியாத, ஆனால் மூச்சு முட்டாத வேகம். ஞாயிறு 12 கி.மீ. ஆரம்பித்து 16 வரை. திங்கள், வெள்ளி ஓய்வு. சனி ஐந்து கி.மீ. மெதுவாக. மாதத்தின் நான்காவது வாரம் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

போட்டிகளில் 400-ஐ முதலில் முடியுங்கள். அரை மாரத்தான் மூன்று வாரமாவது கழித்து வரும்படி பார்த்துப் பதிவு செய்யுங்கள். வரிசை மாறினால் 21 கி.மீ. அடித்துப்போட்ட தொடையோடு ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார வேண்டி வரும்.