முதலில் பேனா, ஹெட்செட் பிறகு: விளாச்சேரி அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணே, வணக்கம்.

விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிற நீங்கள், கம்ப்யூட்டரில் சிலை செய்கிற 3டி சிற்ப வேலையில் ஆசை வைத்திருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போன வாரம் வந்தீர்கள். அரை மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: "இது பொழைக்கிற வழியாம்மா, இல்ல விளையாட்டா?" நின்றபடி பதில் சொல்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். மகளும் படிக்கட்டும். இதே குழப்பத்தில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் உதவும் என்று பொதுவில் போடுகிறேன்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை கேட்பது மூன்று: கண்ணில் மாட்டிப் பார்க்கிற ஒரு விஆர் ஹெட்செட், ஒரு கேமிங் கம்ப்யூட்டர், ஒரு தனியார் அனிமேஷன் கோர்ஸ். மூன்றுக்கும் சேர்த்து ஏலச்சீட்டை எடுத்துவிடலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். சீட்டை எடுக்க வேண்டாம். ஆனால் பிள்ளையின் ஆசையைத் தள்ளவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் வெளியே டீ குடிக்கப் போயிருந்தபோது ஒன்று நடந்தது. என் மேசைக் கம்ப்யூட்டரில் ஸ்கல்ப்ட்ஜிஎல் என்கிற இலவசத் தளத்தைத் திறந்து கொடுத்தேன். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும். திரையில் ஒரு உருண்டை வரும். அதைத் தள்ளலாம், இழுக்கலாம், மண் அப்புவது போல அப்பலாம். வெறும் மவுஸை வைத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் கண்குழி, மூக்கு, உதடு எல்லாம் எடுத்துவிட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் கொலுவில் வைக்கிற அம்மன் முகம் போல இருந்தது. "பக்கவாட்டில் திருப்பிப் பாரும்மா" என்றேன். திருப்பினாள். மூக்கு எழும்பவே இல்லை. நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில், தட்டில் ஒட்டிய முகமாக இருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடது உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். "மண்ணுன்னா ஒரு கை பின்னாடி பிடிச்சிருக்கும்ல மேடம், அதுவே சொல்லிரும்" என்றாள்.

அண்ணே, முகத்தை நன்றாகச் செய்கிற பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். தப்பு எங்கே என்று இப்படிக் கையால் சொன்ன பிள்ளை இவள்தான். உங்கள் களத்தில் உட்கார்ந்து வந்த அறிவு அது. எந்தக் கோர்ஸிலும் விலைக்குக் கிடைக்காது.

அவள் ஹெட்செட் கேட்பதற்கும் காரணம் இதுவேதான். திரை தட்டையானது, ஆழம் தெரியாது. ஹெட்செட்டில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் உருவம் கண்முன்னே கனமாக நிற்கும். இடது கையால் பிடித்துத் திருப்பலாம், வலது கையால் மண் வைக்கலாம், ஆளுயரச் சிலையைச் சுற்றி நடக்கலாம். ஆகவே அவள் ஆசையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் காற்று மண் இல்லை. மண்ணை அழுத்தினால் அது திருப்பி அழுத்தும், கை அதில் ஊன்றி நிற்கும். கையில் பிடிக்கிற விஆர் கன்ட்ரோலரில் அந்த எதிர்ப்பு கிடையாது. பெரிய உருவத்தைக் கூட்டிப் பிடிக்க அது அருமையான கருவி. இமை விளிம்பு, உதட்டுக் கோடு, அட்டிகை முத்து என்று வரும்போது கை ஆடும். தோளும் சீக்கிரம் கடுக்கும். அதனால் விஆரில் வேலை செய்கிறவர்கள் பலரும் கரட்டு உருவத்தை அங்கே எடுத்துவிட்டு, நகாசு வேலைக்கு மேசைக்குத்தான் வருகிறார்கள். 2016இல் ஆக்குலஸ் நிறுவனம் மீடியம் என்ற விஆர் சிற்ப மென்பொருளை வெளியிட்டது. 2019இல் அடோபி அதை வாங்கியது. அடுத்து 2022இல் அடோபி கொண்டுவந்த சப்ஸ்டன்ஸ் 3டி மாடலர், ஒரே வேலையை ஹெட்செட்டிலும் மேசையிலும் மாறி மாறிச் செய்கிற மாதிரி அமைந்தது. ஹெட்செட் மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஷேப்லேப் என்று இன்னொன்று உண்டு. அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரோடு ஹெட்செட்டை இணைக்க வேண்டும். கிராவிட்டி ஸ்கெட்ச் என்கிற மென்பொருள், கம்ப்யூட்டர் இல்லாமல் குவெஸ்ட் என்ற ஹெட்செட்டிலேயே ஓடும், தனி ஆட்களுக்கு இலவசமும்கூட. ஆனால் அதன் பலம் கார், செருப்பு போன்ற பொருள்களின் வடிவமைப்பில். முகம் செய்ய அது தோதுப்படாது. ஆகவே முகம் செய்ய ஹெட்செட் விலையோடு கம்ப்யூட்டர் விலையும் கூடவே வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சில வருடம் முன்பு திண்டுக்கல் பக்கத்து ஒரு குடும்பத்துக்கு, "வாங்கிக் கொடுங்கள், ஆர்வம் வளரும்" என்று நானே சொன்னேன். நகையை அடகு வைத்து வாங்கினார்கள். பையனுக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றி வாந்தி வரும். மூன்று மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு, மால்களில் இருக்கும் விஆர் விளையாட்டு இடத்திலோ, வைத்திருக்கிற நண்பர் வீட்டிலோ நான்கைந்து தடவை போட்டுப் பார்க்காத பிள்ளைக்கு ஹெட்செட் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. போடும்போது கண்மணிகளுக்கு இடையேயான தூரத்துக்கு ஏற்ப லென்ஸைச் சரியாக வைத்து, உட்கார்ந்தபடி, முதலில் கால் மணி நேரம் போதும்.

இப்போதைக்கு வாங்க வேண்டியது ஒரு பென் டேப்லெட். அழுத்தம் உணரும் பேனாவும் ஒரு பலகையும். சின்னது 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும். லேசாக அழுத்தினால் மெல்லிய பூச்சு, ஊன்றி அழுத்தினால் பெரிய அப்பல். மவுஸில் அது வராது. உங்கள் மகன் காலேஜுக்கு வாங்கிய லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருக்கிறது என்றாள். தொடங்க அது போதும். பின்னால் 16 ஆக்கலாம்.

மென்பொருள் பிளெண்டர். 2002இல் உலகம் முழுக்க இருந்த பயனர்கள் சேர்ந்து 1,00,000 யூரோ திரட்டி, ஒரு நிறுவனத்திடமிருந்து விடுவித்து எல்லோருக்கும் பொதுவாக்கிய மென்பொருள் அது. இன்றும் ஒரு பைசா கிடையாது. "சும்மா கிடைப்பது தரமா இருக்குமா?" என்று கேட்டீர்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் பிளெண்டரில் செய்ததுதான். பெரிய ஸ்டுடியோக்களில் சிற்பத்துக்கு முதலிடம் இசட்பிரஷ் என்கிற மென்பொருளுக்கு. அதை உருவாக்கிய ஓஃபர் அலோனுக்கு 2014இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருதே கொடுத்தது. ஆனால் அது சந்தா கட்டி வாங்குவது. இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். யாராவது "கிராக்" போட்டுத் திருட்டு நகலாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி மகளுக்கு.

பாப்பா, முதல் மாதம் மூன்றே பிரஷ்: கிளே ஸ்ட்ரிப்ஸ், கிராப், ஸ்மூத். மண் வைப்பது, இழுப்பது, தடவுவது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு தேய்த்தால் மண் வழிக்கும், ஷிப்டை அழுத்தினால் வழவழப்பாகும். உருவம் இழுபட்டு, அதன் மேற்பரப்பான வலைப் பின்னல் பிய்ந்தால் கன்ட்ரோல் ஆர். அது ரீமெஷ், மண்ணைத் திரும்பப் பிசைந்து சமமாக்குகிற மாதிரி. நாலு இழுப்புக்கு ஒரு தடவை உருவத்தைத் திருப்பு. மேலிருந்து, கீழிருந்து, கழுத்துப் பக்கமிருந்து பார். இதை வழக்கமாக்கிக்கொண்டால் அன்றைக்கு வந்த தட்டை முகம் வராது. தோல் துளை, முடி இழை பக்கம் மூன்று மாதத்துக்குப் போகாதே. அப்பா களத்தில் இருக்கிற ஒரு பொம்மையை எடுத்து முன்னால் வைத்து, அதையே செய். யூடியூபில் வரும் பூதம், டிராகன் எல்லாம் அப்புறம்.

பொதுத்தேர்வு முடிகிற வரை வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும்.

அண்ணே, வேலை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். கேம், அனிமேஷன் ஸ்டுடியோக்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனேயில் இருக்கின்றன. அங்கே சிற்பம் செய்யத் தெரிந்தால் மட்டும் சேர்க்க மாட்டார்கள். சிற்பத்தில் லட்சக்கணக்கான முகப்புகள், அதாவது பின்னலின் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகள், இருக்கும். அந்தக் கனத்தோடு அது விளையாட்டில் ஓடாது. அதன் மேல் சில ஆயிரம் முகப்புகளில் புதுப் பின்னல் போட வேண்டும். அதற்குப் பெயர் ரீடோபாலஜி. பிறகு வண்ணம் ஏற்றத் தோலை விரித்து வைக்கிற யுவி, நுணுக்கத்தைப் படமாக்கி ஒட்டுகிற பேக்கிங். அலுப்பான வேலைதான், ஆனால் சம்பளம் வாங்கித் தருவது அதுதான். ஆறு நல்ல உருவங்களை இந்த எல்லாப் படிகளும் முடித்துக் காட்டுகிற பிள்ளைக்கு, சான்றிதழை விட அந்த ஆறுதான் பேசும்.

ஸ்டுடியோவை விடப் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா? அச்சு எடுக்கிற மூல பொம்மை. இன்று புது மாடல் வேண்டுமென்றால் கையால் ஒன்று செய்து, அதில் முன் அச்சு, பின் அச்சு எடுக்கிறீர்கள். அதையே கம்ப்யூட்டரில் செய்து 3டி பிரிண்டரில் எடுக்கலாம். மண் காய்ந்து வெந்தால் சுருங்கும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை சதவீதம் சுருங்குமோ அதற்குத் தக்கபடி மூலத்தைப் பெரிதாக்க, கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஒரே பிள்ளையாரை அரை அடி, ஒரு அடி, இரண்டு அடி என்று எடுக்கலாம். அச்சிலிருந்து கழலாமல் மாட்டிக்கொள்கிற உள்வளைவு எது என்று நீங்கள் பார்த்த உடனே சொல்வீர்கள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நகைப் பட்டறைகளிலும் இதே கதைதான்: கம்ப்யூட்டரில் செய்த வடிவத்தை மெழுகு போன்ற பிசினில் அச்செடுத்து, அதை வைத்து வார்க்கிறார்கள்.

படிப்பு விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் கோர்ஸில் இப்போது சேர்க்காதீர்கள். மென்பொருள் வீட்டிலேயே வரும்; உடற்கூறும் அளவும் குருவிடம்தான் வரும். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. முக நீளத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம் என்கிற நவதாலத்துக்கு 108 அங்குலம் (இஞ்ச் இல்லை, சிற்ப அளவு) என்று மனப்பாடமாகத் தெரிந்த கையில் பேனாவைக் கொடுத்தால் அந்த உருவம் சரியாக நிற்கும். ஐஐடிகளில் பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டப்படிப்பு படிக்க யூசீட் என்ற நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் வாக்கில் திறக்கும், தேர்வு ஜனவரியில். பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் பாதிதான். எழுதட்டும்.

"ஏஐ வந்து எல்லாத்தையும் செஞ்சிருதே" என்றும் கேட்டீர்கள். எழுதிக் கேட்டால் ஒரு பொம்மை உருவத்தை அது தருகிறது, உண்மை. அவள் பத்து வருடம் கழித்து இதே வேலையில்தான் இருப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அது தருகிற உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தாடை தப்பு, கை முழி தப்பு என்று சொல்லித் திருத்த ஆள் வேண்டும். அன்றைக்கு அவள் செய்தது அதுதான். அதனால்தான் கருவிக்கு முன்னால் கண்ணைப் பழக்குங்கள் என்கிறேன்.

பொங்கல் லீவில் இருவரும் வாருங்கள். அதற்குள் ஒரு தலையைப் பிளெண்டரில் முடித்து, 3டி பிரிண்டருக்கான எஸ்டிஎல் கோப்பாகப் பென் டிரைவில் எடுத்து வரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் கையளவுக்கு பிரிண்ட் போட்டு வைக்கிறேன். அதில் அச்சு எடுக்க முடியுமா, எங்கே மாட்டும் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.